மெல்லாத நூல்

மெல்லு பேர்லா... ஒரே ஒரு தடவை மெல்லேன்...

ஃப்ராடலின் வாய் திறக்கவில்லை. மனது மட்டும் கெஞ்சியது. கட்டிவிட்ட கதை இல்லை இது. ஜெர்மானியர் பிடியில் பாரிஸ் கிடந்த அந்த ஜூன் மாதம், பெல்வில் தெருவின் ஒரு மூன்றாம் மாடியில் நடந்தது.

ஆறு வயது முடிந்த யூதர் எல்லோரும் ஞாயிறு முதல் மார்பில் மஞ்சள் நட்சத்திரம் தைத்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு. காவல் நிலையத்தில் வாங்கிய துணியோடு அக்கம்பக்கத்தார் தையற்காரி ஃப்ராடலிடம் வந்தார்கள். கோட்டைக் கழற்றச் சோம்பல்பட்டவர்களிடம் ஒரு நூலைக் கொடுத்து மெல்லச் சொல்வாள். உடுத்தியபடியே தைப்பது பிணத்துக்குக் கோடி தைப்பதுபோல. வாய் மென்றால்தான் உயிருள்ள உடம்பென்று அர்த்தம். யூதர் வழக்கம் அது. "உயிரோடதான் இருக்கேனான்னு என் பொண்டாட்டியக் கேளு," என்று ரொட்டிக்கடை ஷ்முல் மென்றுகொண்டே முனகினார்.

ஊருக்கெல்லாம் தைத்தவள், போன மாதம் ஆறு முடிந்த மகள் கிட்லாவின் நட்சத்திரத்தை மட்டும் தள்ளிப்போட்டாள். கை வரவில்லை.

வியாழன் மாலை. எட்டு மணி அடித்துவிட்டது. இனி யூதர் வெளியே நடமாடக் கூடாது. சுவரில் இன்னும் வெயில். வாசலில் பேர்லா நின்றாள். எதிர்வீட்டுத் தோழி. எல்லை நதியைத் தாண்டி ஜெர்மானியர் பிடியில்லாத பக்கம் தப்பிவிடுகிறேன் என்று போன வாரம் கிளம்பியவள். படியில் காலடிச் சத்தமே கேட்கவில்லை.

உட்கார்ந்தாள். கோட்டைக் கழற்ற முடியவில்லை என்றாள். மேசையில் கிடந்த கிட்லாவின் நட்சத்திரத்தைக் காட்டினாள்.

"அதை எனக்குத் தைச்சு விடு."

ஃப்ராடல் நூலைக் கொடுத்தாள். உதடு அதைக் கவ்வியது. தாடை அசையவில்லை.

டப்... டப்... கோட்டிலிருந்து நீர் சொட்டியது.

"அங்க எல்லாரும் வரிசையில நிக்கிறாங்க ஃப்ராடல். இது இல்லாதவங்களைச் சேர்த்துக்க மாட்டேங்கிறாங்க."

"எந்த வரிசை?"

"நம்ம தெரு வரிசைதான்."

ஊசி நழுவியது. குனிந்தாள். நிமிர்ந்தாள்.

யாருமில்லை...

நாற்காலி நனைந்திருந்தது. அதன்மேல் கிடந்த நூல் மட்டும் உலர்ந்திருந்தது.

மறுநாள் கணவன் மெண்டல் செய்தியோடு வந்தான். பேர்லா நதியைத் தாண்டவே இல்லை. திங்களன்றே பிணம் கரை ஒதுங்கிவிட்டது. நட்சத்திரம் வழங்கும் முன்பே போனவள்.

பிறகு மகளின் சின்னக் கோட்டை எடுத்து நீட்டினான்.

"விளக்கேத்துற நேரமாச்சு. ஓய்வுநாள் பொறந்துட்டா ஊசியத் தொடக்கூடாது, அதுக்குள்ள தைச்சிடு. இது இல்லாம வெளிய போனா புள்ளையப் புடிச்சிட்டுப் போயிடுவாங்க."

ஃப்ராடல் ஊசியைப் பஞ்சுத் திண்டில் குத்தி வைத்தாள்.

"இவளுக்கு அந்த வரிசை வேண்டாம்," என்றாள்.