கழுகுக் கண்ணுக்கு வந்த சோதனை

மூக்குக்கண்ணாடிக் கடையில் அவளுக்கு வேலை. வருகிறவர்களைச் சுவரில் மாட்டிய எழுத்துப் பலகைக்கு எதிரே உட்காரவைத்து, "கீழ் வரி தெரியுதா?" என்று நாள் முழுக்கக் கேட்பாள். அவளுக்கு அந்தப் பலகை தெருவில் நின்றாலும் கடைசி எழுத்து வரை தெரியும். ஆனால் கழுகு என்ற பட்டப்பெயர் கடையில் கிடைத்ததல்ல. வருடா வருடம் நகரத்து உள்ளரங்கில் நடக்கும் சர்வதேச இறகுப்பந்துப் போட்டி கொடுத்த பெயர் அது.

அவள் பிறப்பதற்கு முன்பே தொடங்கிய போட்டி. எந்தெந்த நாட்டுக்காரர்களோ வந்து ஆடிவிட்டுப் போவார்கள். கல்லூரியில் அவளும் நன்றாக ஆடினாள். முழங்கால் கைவிட்டதும் ஆட்டம் போச்சு. ஆட முடியாவிட்டால் என்ன என்று கோட்டோர நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். கோட்டு நடுவர் வேலை கேட்பதற்கு எளிது. காக், அதாவது இறகுப்பந்து, உள்ளே விழுந்தால் வலக்கையைக் கோட்டை நோக்கி நீட்ட வேண்டும். வெளியே விழுந்தால் இரண்டு கைகளையும் விரித்து 'அவுட்' என்று குரல் கொடுக்க வேண்டும். விழுந்த இடத்தைப் பார்க்கவில்லை என்றால் இரண்டு உள்ளங்கைகளாலும் கண்ணைப் பொத்திக்கொள்ள வேண்டும். அந்த மூன்றாவது சைகையை அவள் ஒருநாளும் காட்டியதில்லை. மற்றவர்கள் காட்டும்போது, 'கண்ணை எங்கே அடகு வைத்தாயோ' என்று மனசுக்குள் கேட்டுக்கொள்வாள். இந்த ஒரு விஷயத்தில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம்தான். இருந்துவிட்டுப் போகட்டும், வேறு எதில் இருந்தது அவளுக்கு?

இதில் மண் விழுந்தது ஓரகத்தியால். கொழுந்தனைக் கட்டிக்கொண்டு மாடி வீட்டுக்கு வந்தவள், வேலைக்குப் போகாத நாட்களில் பொழுது போகாமல் இருக்கிறாளே என்று அரங்கத்துக்குக் கூட்டிப்போனதே பெரியவளான இவள்தான். பக்கத்தில் உட்காரவைத்துச் சைகை சொல்லிக்கொடுத்தாள். சின்னவள் சும்மா இருந்தாளா? பரீட்சை மேல் பரீட்சை எழுதினாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே உயரமான நாற்காலியில் ஏறித் தலைமை நடுவராகிவிட்டாள். போட்டிக்கு முந்தைய வாரம் முழுக்க மாடியிலிருந்து "லவ் ஆல், ப்ளே" என்று ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் ஒத்திகைக் குரல் இறங்கி வரும். கீழே சமையலறையில் பாத்திரங்கள் வழக்கத்தைவிடச் சத்தமாகக் கழுவப்படும்.

"குக்கர்தான் சத்தம் போடுதுன்னு நெனச்சேன். உன் காதுல இருந்து வர்ற பொகையா?" என்பான் கணவன்.

"ஆமா, போய் அணைச்சிட்டு வாங்க" என்பாள்.

மாமியாரோ அதற்கும் ஒருபடி மேலே. தொலைக்காட்சியில் தலைமை நடுவரின் முகம் நிமிடத்துக்கு ஒருமுறை வரும். கோட்டு நடுவருக்கு முழங்காலுக்குக் கீழேதான் பாக்கியம். போன வருடம் போட்டியைப் பார்த்துவிட்டு மாமியார் சொன்னாள்: "சின்னவ என்ன லட்சணமா இருந்தா தெரியுமா. உன் ஷூவும் வந்துச்சும்மா, நான் அடையாளம் கண்டுபிடிச்சிட்டேன்." பெரியவளுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

இந்த வருடம் மகளிர் இரட்டையர் இறுதிப் போட்டிக்குச் சின்னவள் தலைமை நடுவர். பின்கோட்டுக்குப் பெரியவள். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் எதிரே, வலைக்கு நேராக, சின்னவளின் உயர நாற்காலி. எந்தப் பாவி போட்ட பட்டியலோ.

கிளம்புவதற்குமுன் நடுவர்கள் அறையில் சின்னவள் கண்ணாடி முன் திரும்பித் திரும்பி நின்றாள். "அக்கா, பிளேசர் சரியா இருக்கா?"

தோள் கச்சிதம். காலர் கச்சிதம். ஆனால் வயிற்றருகே இருந்த தங்க நிறப் பட்டன் ஒற்றை நூலில் ஊசலாடிக்கொண்டிருந்தது. பெரியவளின் கைப்பையில் ஊசியும் நூலும் இருந்தன. ஒரு நிமிட வேலை.

"பிரமாதமா இருக்கு" என்றாள் பெரியவள்.

ஆட்டம் இழுத்துக்கொண்டே போனது. மூன்றாவது செட். இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் ஒரு ஜோடிக்குக் கோப்பை. அரங்கமே மூச்சு விடாமல் இருந்தது. பெரியவளுக்கு மட்டும் வேறு பதைபதைப்பு. சின்னவள் ஒவ்வொரு முறை புள்ளி சொல்ல நிமிரும்போதும் அந்தப் பட்டன் இன்னும் கொஞ்சம் தொங்கியது. நாடு நாடாகப் பார்க்கிறார்கள், மாமியாரும் பார்க்கிறாள். விழட்டும், லட்சணம் தெரியட்டும் என்று ஒரு மனசு. சீ, இது என்ன புத்தி என்று இன்னொரு மனசு. முதல் மனசுக்குத்தான் பலம் அதிகம்.

காக் உயரே போனது. பின்கோட்டை நோக்கி இறங்கியது. ஆடுகிறவள் தொடாமல் விட்டுவிட்டாள். அந்த நேரம் பார்த்துச் சின்னவள் முன்னால் குனிந்தாள். நூல் அறுந்தது. பட்டன் விளக்கில் மின்னி, நாற்காலிப் படியில் தட்டி, இடப்பக்கமாக உருண்டு, பச்சை விரிப்பின் விளிம்பில் போய் நின்றது. பெரியவள் அதைக் கண் கொட்டாமல் பார்த்தாள்.

பார்த்து முடித்தபோது காக் அவள் காலருகே கிடந்தது. விழுந்து துள்ளிப் புரண்டபின் அது எங்கே விழுந்தது என்று யார் சொல்ல முடியும்? கேமராவைக் கேட்டுச் சரிபார்க்கும் வசதியெல்லாம் அந்தப் போட்டிக்கு அப்போது வந்திருக்கவில்லை. நாலு ஆட்டக்காரிகளும் அவளைப் பார்த்தார்கள். கையை விரித்துவிடலாம். கழுகு சொன்னால் எதிர்க்கேள்வி கிடையாது. கை பாதி எழும்பியும்விட்டது. ஆனால் யாருடைய கோப்பையையோ தன் வயிற்றெரிச்சலுக்குத் தூக்கிக் கொடுக்க அந்தக் கைக்கு மனசு வரவில்லை. அது மேலே போய்க் கண்ணைப் பொத்தியது. இன்னொரு கையும் சேர்ந்துகொண்டது.

அரங்கத்தில் ஒரு முனகல் எழுந்தது. கோட்டு நடுவர் பார்க்கவில்லை என்றால் தீர்ப்பு தலைமை நடுவருடையது. யாரிடம் தோற்கக்கூடாது என்று இத்தனை வருடம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாளோ, அவளிடம் இரண்டு கையாலும் தூக்கிக் கொடுத்தாயிற்று. இருட்டுக்குள்ளிருந்து சின்னவளின் குரலைக் கேட்டாள்.

"லெட்."

அவளும் பார்க்கவில்லை. அந்தப் புள்ளி செல்லாது என்று மறுபடி ஆடினார்கள். அதே ஜோடி அடுத்த புள்ளியைச் சந்தேகமில்லாமல் எடுத்துக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது.

நடுவர்கள் அறையில் சின்னவள் தண்ணீரைக் குடித்துவிட்டு உட்கார்ந்தாள்.

"நீங்க கண்ணப் பொத்தினதும் எனக்கு உயிரே போயிடுச்சுக்கா."

"நீ ஏன் பாக்கல? மேல உக்காந்திருக்கிறதே பாக்கத்தான?"

"உங்க பக்கம் காக் விழுந்தா நான் கோட்டப் பாக்கவே மாட்டேன். உங்க கையத்தான் பாப்பேன்." சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். "சொன்னா சிரிப்பீங்க. இத்தன பரீட்ச எழுதியும் இங்க எல்லாரும் என்னைக் கழுகோட ஓரகத்தின்னுதான் சொல்றாங்க. கேக்கும்போதெல்லாம் வயிறு எரியும். அந்தக் கண்ணு எனக்கு இல்லையேன்னு."

இதைக் கேட்கத்தானே இத்தனை வருடமாகப் பாத்திரம் கழுவினாள். பெரியவளுக்கு வயிறு குளிர்ந்துவிட்டது. எழுந்து போய்ச் சின்னவளின் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அப்போதுதான் சின்னவள் பிளேசரைக் கழற்றிப் பார்த்தாள்.

"ஐயோ, பட்டனக் காணோமேக்கா. எங்க விழுந்துச்சோ."

"உன் நாற்காலிக்கு இடப்பக்கம்," என்றாள் பெரியவள், குளிர்ந்த மனசோடு. "பச்ச விரிப்பு முடியிற எடத்துல. ஓரமாத்தான் கெடக்கும், போய் எடுத்துக்க."

சின்னவள் நகரவில்லை. பட்டன் இல்லாத இடத்தில் தொங்கிய நூலை விரலால் தொட்டாள். பிறகு மெல்ல நிமிர்ந்து பார்த்தாள்.

"அது விழுந்தத எப்பக்கா பாத்தீங்க?"

பெரியவள் வாயைத் திறந்தாள். கைகள் இரண்டும் தாமாகவே எழும்பிப் போய்க் கண்ணைப் பொத்திக்கொண்டன.