பெயர் தெரியாது என்று சொன்னவன்

வல்லம் வடகாலில், கார்களுக்கு ஒயர் கட்டுகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நெட்வொர்க் பார்க்கும் வேலை எனக்கு. கேன்டீனுக்குப் பின்னால் ஏசி போட்ட சின்ன அறையில் ஒரே ஒரு பெரிய இயந்திரம் இருக்கிறது. அதையே மென்பொருளால் பிரித்து ஆறு சர்வர்களாக ஓட்டுகிறோம். வருகைப் பதிவு ஒன்றில், ஸ்டோர்ஸ் ஒன்றில், பெண்களுக்கான புகார்ப் பெட்டி ஒன்றில்.

புகார்ப் பெட்டி என்பது பெண்கள் உடை மாற்றும் அறை வாசலில் மாட்டிய டேப்லெட். தன் டோக்கன் எண்ணை, அதாவது ஊழியர் எண்ணைத் தட்டினால், நம் ஆள்தானா என்று வருகைப் பதிவு சர்வரிடம் ஒரு முறை கேட்டுக்கொள்ளும். பிறகு எண்ணைச் சேமிக்காது. எழுதியது மட்டும் எச்.ஆருக்குப் போகும். திறப்பு நாளில் டிரெய்னி பெண்களை வரிசையாக உட்காரவைத்து நான்தான் விளக்கினேன். "பேரு யாருக்கும் தெரியாது. எனக்கே தெரியாது" என்றேன். அதை நம்பித்தான் சொன்னேன்.

அதில் ஓர் ஓட்டை இருப்பதும் எனக்குத் தெரியும். வெளியிலிருந்து வருவதையெல்லாம் ஃபயர்வால் சோதிக்கும். ஒரே இயந்திரத்துக்குள் ஒரு சர்வர் இன்னொன்றோடு பேசுவது அந்த ஃபயர்வால் பக்கமே வராது. டோக்கன் எண் உள்ளே யாரும் படிக்கும்படி பச்சையாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பூட்டுப் போட வேண்டும் என்று எச்.ஆர். மேனேஜரிடம் சொன்னேன். அவர் பக்கத்துச் சேரப்பணஞ்சேரிக்காரர், லைனில் வேலை பார்த்து மேலே வந்தவர்.

"ஒரே வூட்டுக்குள்ள பேசிக்கினு கீறதுக்கு இன்னாத்துக்குப்பா பூட்டு?" என்று சிரித்தார். நானும் விட்டுவிட்டேன்.

சில மாதம் கழித்து ஒரு புகார் வந்தது. மூன்றாவது லைனின் லீடர் பெண்களைக் கழிவறைக்கு விடுவதில்லை, விட்டாலும் வாசலில் நின்று கடிகாரம் பார்க்கிறார் என்று. மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"யாருன்னு பாத்து சொல்லு."

"தெரியாது சார். நம்பர் எங்கியும் பதியல."

"அன்னிக்கு ஏதோ ஓட்டை கீதுன்னியே. இப்ப அதுல காத வெச்சிக் கேளு."

மறுநாள் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார். புகார் ஏற்கப்பட்டது, நடவடிக்கை எடுக்க முழு விவரம் தேவை, எழுதியவர் தயங்காமல் மறுபடி எழுதவும் என்று அதில் இருந்தது. நான் சர்வர் அறையில் உட்கார்ந்து, இரண்டு சர்வருக்கும் நடுவில் போவதிலெல்லாம் ஒரு நகல் என் திரைக்கு வரும்படி மாற்றினேன். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மூன்றாம் நாள் சாப்பாட்டு இடைவேளையில் அவள் எழுதினாள். நிறையவே எழுதினாள். யாரோ கேட்கிறார்கள் என்ற சந்தோஷம் அதில் தெரிந்தது. டோக்கன் எண்ணை ஒரு துண்டுத் தாளில் குறித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். சிஸ்டம் பற்றிக் கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டும் என்று என்னையும் எச்.ஆர். அறையில் உட்காரவைத்தார்கள். மூன்றாவது லைனின் லீடர் ஜன்னலோரம் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அவளுக்கு நாற்காலி போடவில்லை. அவள் எழுதியதை அச்செடுத்துக் கையில் கொடுத்து, "நீயே படி. எல்லாருக்கும் கேக்கட்டும்" என்றார் மேனேஜர்.

படித்தாள். மாதவிலக்கு நாளில் பேன்டில் கறை பட்டதை எழுதியிருந்த வரி வந்ததும் நின்றுவிட்டாள்.

"இன்னா நின்னுட்ட? எழுத மட்டும் வருதா?"

லைன் லீடர் சிரித்தார். அவள் அந்த வரியையும் படித்தாள். "சத்தமா" என்றதும் இன்னொரு தரம் படித்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, பேரு தெரியாதுன்னு நீங்கதான சொன்னிய?"

நான் மடியிலிருந்த லேப்டாப்பைத் திறந்து எதையோ தேடுவதுபோல் இருந்தேன். சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன் என்று அவளிடம் எழுதி வாங்கினார்கள்.

அவள் வெளியே போனதும் மேனேஜர், "அடுத்த வாரம் ஆடிட்டு வருது. அந்த ஓட்டைய அடைச்சுடு" என்றார். டிஜிட்டல் சான்றிதழ் போட்டு, உள்ளே போகும் பேச்சையெல்லாம் பூட்டி, எந்த சர்வர் எதோடு பேசலாம் என்று விதி எழுத எனக்கு ஒரு மணி நேரம்தான் ஆனது. ஆடிட்டர் அதைப் பாராட்டினார்.

ஆடிட்டுக்கு முன்பே, அவளிடம் எழுதி வாங்கிய மறுநாள், அடையாள அட்டையை வாங்கிவர என்னை ஹாஸ்டலுக்கு அனுப்பினார்கள். வாசலில் அவளுடைய அப்பா பெட்டியோடு நின்றிருந்தார். இரவெல்லாம் பஸ்ஸில் வந்து கசங்கிய சட்டை. அவள் அட்டையை என் கையில் கொடுக்காமல் வாசல் கைப்பிடிச் சுவர்மேல் வைத்துவிட்டு, தள்ளிப் போய் நின்றுகொண்டாள்.

"சார், எம் புள்ள என்ன தப்பு பண்ணுனா? கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கா. நீங்களாவது சொல்லுங்க."

"எனக்குத் தெரியாதுங்க. நான் கம்ப்யூட்டர் டிபார்ட்மென்ட்" என்றேன்.

படப்பை போகும் ஷேர் ஆட்டோ வந்தது. பெட்டி கனமாக இருந்தது. நான் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கி உள்ளே வைத்தேன். அவர் இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார்.

"இந்த ஊர்ல ஒரு நல்ல மனுசராவது இருக்கீயளே" என்றார்.

அவள் உள்ளே உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆட்டோ கிளம்பியது. நான் சுவர்மேலிருந்த அட்டையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.