மண்டோரின் பால்வாளி

அது ஓர் அலுமினிய வாளி. அடிப்பக்கம் நசுங்கியிருக்கும், கைப்பிடியில் பழைய சைக்கிள் டியூப் சுற்றியிருக்கும். கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் மண்டோரின் அம்மா கித்தாப் பால் சுமந்த வாளி. தோட்டத்தை விற்று ஆட்களை வெளியேற்றியபோது மற்றவர்கள் சாமி படத்தையும் தையல் மெஷினையும் லாரியில் ஏற்ற, மண்டோர் இதைத் தூக்கிக்கொண்டு ஈப்போவுக்கு வந்தாராம். எங்கள் குதிரை லாயத்தில் அதுதான் தீவன வாளி. ஓட்ஸ் ஆஸ்திரேலியாவிலிருந்து, சேணம் இங்கிலாந்திலிருந்து. அள்ளிப் போடுவது மட்டும் பால்வாளியில். நான் கேலி செய்யாத நாளில்லை. "ஒன் பிளாஸ்டிக் வாளி ஒரு வருசம் தாங்குமா லா?" என்று அவரும் விடமாட்டார்.

பந்தயக் குதிரைகள் வளர்த்த அந்தத் தனியார் லாயத்தில் தீவன அறை என் பொறுப்பு. பதினொரு வருடம் தவிடும் ஓட்ஸும் கலந்த கை இது. குதிரைக்காரர்களுக்கெல்லாம் தலைவர் மண்டோர். பந்தய அட்டையில் குதிரைகளுக்கு நாக்குச் சுளுக்கும்படியான இங்கிலீஷ் பெயர்கள் இருக்கும். அவர் வாயில் அவை தோட்டத்து ஆட்கள். கழுத்தை நிமிர்த்தி ஒருவரையும் மதிக்காமல் நடப்பது பெரிய துரை. பக்கத்துத் தொட்டியில் எவ்வளவு விழுகிறது என்று எட்டிப் பார்ப்பது கணக்கெழுதும் கிராணி. குளிப்பாட்டியதும் பிடரியைச் சிலுப்பிக்கொண்டு நிற்பது மைனர். மிரண்ட குதிரை எதுவானாலும் ஒரு குட்டைப் பெண் குதிரையின் பக்கத்தில் கட்டினால் அடங்கிவிடும். தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவளின் நினைவாக அதற்கு ஆயா என்று பெயர் வைத்திருந்தார்.

மொத்தம் எட்டுக் குதிரைகள். சாயங்காலம் திடலில் மேய்ந்துகொண்டிருக்கும்போது மண்டோர் லாயத்து வாசலில் நின்று வாளியைத் தட்டுவார். அவ்வளவுதான். கயிறு வேண்டாம், விரட்ட ஆள் வேண்டாம், ஒவ்வொன்றும் தன் அறைக்குள் தானே போய் நிற்கும். வேறு லாயத்துக்காரர்கள் இதைப் பார்ப்பதற்கென்றே வருவார்கள். மண்டோர் ஒன்றும் அறியாதவர்போல மீசையைத் தடவிக்கொள்வார். அந்தப் பெருமையை நான் மனமார ரசித்தேன்.

விடியுமுன்பே வேலை தொடங்குவதால், மத்தியானம் சாப்பிட்டதும் குதிரைக்காரர்கள் பின்பக்கத்துக் குடியிருப்பில் தூங்கிவிடுவார்கள். அப்படியொரு மத்தியானம்தான் வைக்கோல் கிடங்குக்குத் தீ வைத்தான், வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட ஒருவன். அவனைப் பிடித்தார்கள், அவனைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. குதிரைக்காரர்களில் மண்டோர் மட்டும் விழித்திருந்தார். ஒவ்வொரு கதவாகத் திறந்து எட்டையும் திடலுக்கு விரட்டினார். எதற்கும் ஒரு கீறல்கூட இல்லை. அப்புறம்தான் தூங்குகிறவர்களின் நினைவு வந்திருக்கிறது. தீ குடியிருப்புப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. நான் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் திடலுக்குத் திரும்பிய நேரம், அவர் கைக்கு அகப்பட்ட வாளியை எடுத்துக் கல்லால் அடித்தார், அடித்துக்கொண்டே கத்தினார். ஆட்கள் எழுந்து ஓடி வந்தார்கள். குதிரைகளும் வந்தன.

முதலில் பெரிய துரை. பின்னாலேயே கிராணி, மைனர். புகைக்குள் புகுந்து தங்கள் அறைகளுக்கு நேராக ஓடின. நான்கு குதிரைகள் நெருப்பைக் கண்டு வேலியோரம் மிரண்டு நின்றுவிட்டன. ஆயாவும் கிளம்பியது. போன மாதப் பயிற்சியில் முன்காலில் அடிபட்டிருந்ததால் நொண்டி நொண்டி வந்தது. நான் ஓடிப்போய் அதன் தலைக்கயிற்றைப் பிடித்துத் தொங்கினேன். உள்ளே போன மூன்றின் மேலும் கூரை விழும்வரை விடவில்லை.

மறுநாளிலிருந்து வேலியோரம் கூட்டம். சீன முதலாளி ஊதுபத்தி ஏற்றினார். பெரிய துரையை ஓட்டிய ஜாக்கி தன் சவுக்கை வேலியில் மாட்டிவிட்டுப் போனார். நம் ஆட்கள் மூன்று மாலை போட்டுக் கற்பூரம் கொளுத்தி, பதினாறாம் நாள்வரை கவுச்சி தொடவில்லை. பந்தயத்தில் எங்களோடு முறைத்துக்கொண்டு நிற்கும் லாயத்துக்காரர்களே மிச்சக் குதிரைகளுக்கு இடம் கொடுத்தார்கள். எல்லோரும் மண்டோரிடம் ஒன்றையே சொன்னார்கள்: பயந்த குதிரை தன் இடத்துக்குத்தான் ஓடும், அது அதன் குணம். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு வேலைக்கு வருவதையே நிறுத்திவிட்டார்.

ஆயா தின்பதை நிறுத்தியது. எந்தக் கூரைக்குக் கீழேயும் கால் வைக்க மறுத்து மழையில் நனைந்து நின்றது. விலா எலும்பு தெரிந்தது. கால் ஊனம், அதோடு பட்டினி. வெள்ளிக்கிழமைவரை பார்த்துவிட்டு ஊசி போட்டு முடித்துவிடலாம் என்றார் மிருக வைத்தியர். நான் கரி பிடித்துக் கிடந்த வாளியை எடுத்து மணல் போட்டுத் தேய்த்து, மோட்டார் சைக்கிளில் மாட்டிக்கொண்டு புந்தோங்கிலிருந்த மண்டோர் வீட்டுக்குப் போனேன்.

வாளியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அத ஏன் கொண்டாந்த?"

"ஆயா சாப்பிட மாட்டேங்குது அண்ணே. வெள்ளிக்கிழம ஊசி போட்டுருவாங்க."

வாளியை வாங்கித் தரையில் வைத்தார். பிறகு, "அதுங்க தானா ஓடல, தங்கச்சி. நான் கூப்பிட்டேன். கூப்பிட்டதாலதான் வந்துச்சுங்க" என்றார்.

எனக்கு அது அன்றைக்கே தெரியும். அந்தச் சத்தத்துக்கு அவற்றின் காதுகள் நிமிர்ந்ததைப் பார்த்தவள் நான். இல்லை என்று சொல்லி அவரைத் தேற்றியிருக்கலாம். ஆனால் அந்த மனிதரிடம் பொய் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

"ஆமாண்ணே, நீங்க கூப்பிட்டுத்தான் வந்துச்சுங்க. உள்ள தூங்கின அத்தன பேரும் அதே சத்தத்துலதான் எழுந்திரிச்சாங்க. ரெண்டுமே நீங்க அடிச்சதுதான் லா."

அவர் அழுதார். நானும் அழுதேன். அழுது முடித்துச் சட்டையை மாட்டிக்கொண்டு, "மோட்டார எடு, போலாம்" என்றார்.

திடலில் அவர் வாளிக்குள் ஓட்ஸை அள்ளிப் போட்டுக்கொண்டு நின்றார். முதல் தட்டலில் சத்தமே எழவில்லை. மறுபடி தட்டினார். கோடியில் நின்ற ஆயா காதைத் திருப்பியது. நொண்டிக்கொண்டே அவ்வளவு தூரமும் நடந்து வந்து வாளிக்குள் மூஞ்சியை விட்டது. அது மெல்லும் சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. பக்கத்தில் நின்ற ஒருவன் சந்தோஷத்தில் கைதட்டப் போக, மண்டோர் முறைத்த முறைப்பில் அப்படியே கையைக் கட்டிக்கொண்டான்.

ஓட முடியாத குதிரையை முதலாளி அவரிடமே கொடுத்துவிட்டார். கோப்பெங்கில் அந்தப் பழைய தோட்டம் இப்போது முழுக்க எண்ணெய் எடுக்கும் செம்பனை. அதன் ஓரத்தில் மண்டோரின் மருமகனுக்கு ஒரு கொய்யாத் தோப்பு இருக்கிறது. அங்கேதான் இருவரும். ஆயாவுக்கு நாலு கம்பம் நட்டுக் கூரை போட்டிருக்கிறார். சுவரும் இல்லை, கதவும் இல்லை. ஒரு வருடம் கழித்துத்தான் அது அந்த நிழலுக்குள் போனதாம். நான் இப்போது ஒரு பேரங்காடியில் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தவிட்டு மூட்டையோடு போவேன். ஆயாவுக்குத் தொப்பை போட்டுவிட்டது, கொய்யாவெல்லாம் தன்னுடையது என்ற நினைப்பு வேறு. மண்டோருக்கும் தொப்பைதான். இரண்டையும் பார்த்துவிட்டு வந்தால் எனக்கு அந்த வாரம் நன்றாக ஓடும்.

சாயங்காலம் அதே பால்வாளியை எடுத்து நாலு தட்டுத் தட்டுவார், ஒவ்வொன்றுக்கும் நடுவே கொஞ்சம் நிறுத்தி. இருப்பதோ ஒரு குதிரை, எதற்கு நாலு என்று ஒருநாள் கேட்டேன். "மூணு பேர விட்டுட்டு அவள மட்டும் எப்படிக் கூப்பிடறது?" என்றார். ஆயாவுக்கும் இது பழகிவிட்டது. முதல் மூன்று தட்டுக்கும் தலையைத் தூக்கிப் பார்த்தபடி நிற்கும். நாலாவதற்குத்தான் நடந்து வரும்.