கண்ணை மூடிப் பேசியவர்

என் எழுத்து கோணலாக இருக்கும், பாதி மறந்தும் போய்விடுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரேடியோவில் வந்த சிரிப்பு நாடகத்தை டிவிக்காக உத்தமபாளையத்தில் எங்கள் வீட்டில் படம் பிடித்தார்கள். ரேடியோவில் மாமனாராகப் பேசிய, காது நிறைய முடியுள்ள பெரியவரே இதிலும் மாமனார். மைக் முன்னால் பேசிப் பழகியவர், வசனம் வந்தாலே கண்ணை மூடிக்கொள்வார்.

"சாயங்காலத்துக்குள்ள சரிவரலன்னா வேற ஆளப் போட்டுருவேன்" என்றார் டைரக்டர். பெரியவர் முகம் வாடிவிட்டது.

கூச்சத்தோடு அரிவாள்மனையும் கத்தரிக்காயும் கொண்டுபோய் வைத்தேன். "நறுக்கிக்கிட்டே பேசுங்கய்யா. இது முன்னால யாரும் கண்ண மூடமாட்டாக."

"வெரலு போனா நீதான் பொறுப்பு ஆத்தா!" என்று உட்கார்ந்தார். கண் விரிந்தது, வசனம் கொட்டியது, டைரக்டரே சிரித்துவிட்டார்.

கிளம்பும்போது, "பொழைக்க வச்ச ஆத்தா" என்று கும்பிட்டார், கண்ணை மூடிக்கொண்டு. என்னை ஒருமுறையாவது பார்த்தாரா, தெரியவில்லை.

நறுக்கியது கத்தரிக்காயா, முருங்கைக்காயா? டிவியில் பார்த்தவர்கள் சரிபார்த்துச் சொல்லுங்கள்.