ஏழால் பெருக்கியது நான்தான்

எனக்கு எழுபத்தாறு வயது. ஐந்து பிள்ளைகளைத் தலைநிமிர்ந்து வளர்த்தேன். இன்று பேத்தி கணக்குப் புத்தகத்திலிருந்து 142857 என்று வாய்விட்டுப் படித்ததும் வேலை ஓடவில்லை. அது என் அப்பாவின் பட்டாள நம்பர்.

எங்கள் ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கி மூன்று வருடம் இருக்கும். அவர்களுடைய பட்டாளத்துக்கு அப்பா கப்பலேறினார். கிளம்பும்போதும் தகரப் பெட்டியில் அந்த நம்பரை எழுதிய பெயிண்ட் மணத்தது.

"ரெண்டால பெருக்கு, மூணால பெருக்கு, இதே ஆறும் எடம் மாறி வந்து நிக்கும். நானும் அப்படித்தான்டி, எங்க போனாலும் வந்துடுவேன்" என்று சிரித்தார்.

மறுநாள் அம்மா மில்லுக்குப் போனதும், அடுப்புக்கரியால் சுவரில் பெருக்கினேன். 285714. 428571. ஆறால் பெருக்கும்வரை அப்பா இருந்தார். ஏழால் பெருக்கினேன். 999999. அதில் அப்பா இல்லை.

"செவுத்த ஏன்டி பாழாக்குற?" என்று அம்மா அடித்தாள். அழித்தேன்.

அந்த மழைக்காலத்தோடு கடிதம் நின்றது. அப்பா வரவேயில்லை. பெருக்கியது நான் என்று யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு கணக்குப் போடவேயில்லை, பள்ளிக்கூடத்தையும் விட்டேன்.

இன்றுதான் பேத்தியிடம் சொன்னேன்.

"எட்டால பெருக்கிப் பாக்கலியா ஆயா?"

"இல்லடி."

பெருக்கினாள். 1142856.

"மொதல்ல இருக்கிற ஒண்ண எடுத்து, கடைசி ஆறோட கூட்டு."

142857.

அந்தச் சுவரில் இன்னும் ஒரு வரிக்கு இடம் இருந்தது.

நான் சொல்லச் சொல்ல, பெருக்கிய கையாலேயே எழுதினாயே கண்ணு, படித்துக் காட்டு. எட்டு வரும் இடத்தை மட்டும் இரண்டு தடவை படி.