ஐந்து பொட்டுக்கு மேல் அடித்த கோட்டிங்

லோடு வண்டிகளின் பின்தொட்டிக்குக் கோட்டிங் அடிப்பவள் நான். மதுரையில் இந்த வேலை செய்யும் இன்னொரு பெண் இருந்தால் கூட்டி வாருங்கள், என் செலவில் டீ. பசுமலையில் ஒரு பள்ளியில் பத்து வருஷம் வேதியியல் நடத்திவிட்டு, ஆனையூரில் தகரக் கொட்டகை போட்டேன். என் அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அம்மாவும் டீச்சர், அப்பாவும் டீச்சர். எங்கள் வீட்டில் சாக்பீஸ் தூசியைத் தவிர வேறெந்தத் தூசிக்கும் மரியாதை கிடையாது. வருஷம் முடிவதற்குள் இவள் திரும்பிவிடுவாள் என்று ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் அம்மா சொல்லிக்கொண்டிருந்தது என் காதுக்கும் வந்தது.

வேலை இதுதான். வண்டி புதிதானாலும் தொட்டியின் பெயிண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பைக் கொல்ல வேண்டும். அப்போது வண்டிக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! தன் கன்னத்தையே தேய்ப்பதுபோல நிற்பார். பிறகு கழுவி, காயவைத்து, தின்னரால் துடைத்து, ஓரங்களில் டேப் ஒட்டுவேன். கடைசியில் இரண்டு கெமிக்கலைச் சூடாக்கி ஒரே துப்பாக்கியில் அடிப்பேன். சில நொடிகளில் கெட்டி ரப்பராக இறுகிவிடும். அதன்மேல் இரும்பை இழுத்தாலும் தகரத்தில் கீறல் விழாது, மழைத் தண்ணீர் நின்றாலும் துரு ஏறாது. ஆனால் அடியில் கொஞ்சம் தூசியோ எண்ணெயோ இருந்தால் அந்த இடத்தில் மட்டும் பிடிக்காது. பாதி நாள் துடைப்பதிலேயே போகும்.

என் முதல் வண்டி அலங்காநல்லூர்ப் பக்கத்து போர்வெல் மோட்டார் மெக்கானிக்குடையது. மோட்டாரும் இரும்புக் குழாயுமாக நாள் முழுக்க ஏற்றி இறக்குகிறவர். அவருடைய பழைய வண்டியின் தொட்டி சல்லடையாகிவிட்டதாம். இந்தக் கோட்டிங் தாங்கினால் தங்கள் பக்கத்திலிருந்து இன்னும் மூன்று வண்டி வரும் என்றார். அந்த மூன்று வண்டியை நம்பித்தான் என் கொட்டகை இருந்தது.

அவர் மனைவியும் கூட வந்திருந்தார். பத்தரைக்குள் நல்ல நேரம், அதற்குள் தொடங்கிவிட வேண்டும் என்றார்கள். தின்னரால் துடைத்து முடித்துவிட்டு, கவச உடையும் முகமூடியும் போட உள்ளே போனேன். திரும்பி வந்தால் தொட்டியின் நான்கு மூலையிலும் நடுவிலும் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்துவிட்டு அந்த அம்மா கைகூப்பி நிற்கிறார்.

துடைத்திருக்க வேண்டும். தெரியும். ஆனால் நான் வேதக்காரி, கிறிஸ்தவள். முதல் வண்டியிலேயே வேதக்காரப் பெண் பொட்டை அழித்துவிட்டாள் என்று ஊருக்குள் பேச்சாகிவிடுமே என்று பயந்தேன். பிள்ளைகளுக்கு ஒட்டும் தன்மையைப் பற்றிப் பக்கம் பக்கமாக நடத்தியவள், ஐந்து பொட்டுக்கு மேலேயும் அப்படியே அடித்து மூடினேன்.

இரண்டு மாதத்தில் வண்டி திரும்பி வந்தது. ஒரு மூலையில் கொப்புளம் கிளம்பி, மோட்டாரின் விளிம்பு அதில் மாட்டி, தோசை அகலத்துக்குப் பிய்ந்திருந்தது. மற்ற நான்கு இடங்களும் உப்பியிருந்தன. அவர் சத்தம் போடவில்லை. அந்த மூன்று பேரும் இப்போது யோசிக்கிறார்கள் என்று மட்டும் சொன்னார். என் வீட்டுக்காரர் என்னைத் தனியே அழைத்து, பொட்டு வைத்தது அவர்கள்தானே, அதைச் சொல்லிவிடு என்றார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. அவர்மேல் பாதி, என்மேல் மீதி.

"பொட்டு வச்சது ஒங்க வீட்டம்மா. அது இருந்தா பிடிக்காதுன்னு தெரிஞ்சே மேல அடிச்சது நான். தப்பு என்னோடது, அண்ணே. சரி பண்ணித் தாரேன்."

அவர் மனைவியைப் பார்த்தார்.

"ஒரு வார்த்த சொல்லிருந்தா நானே தொடச்சிருப்பேன், டீச்சர்," என்றார் அந்த அம்மா. "சாமி என்ன, பொட்டுக்குள்ளயா ஒக்காந்திருக்கு?"

வெட்கமாக இருந்தது. அந்த அம்மாவை நான் எவ்வளவு குறைவாக எடைபோட்டிருந்தேன்!

உப்பிய இடங்களை வெட்டி எடுக்க உளியோடு தொட்டிக்குள் ஏறினேன். பொட்டு இருந்த இடங்கள் கையோடு வந்தன. கெட்டியான விளிம்புவரை வெட்ட வேண்டியிருந்ததால் அடுத்த அங்குலத்தில் உளியை வைத்தேன். அசையவில்லை. சுத்தியலால் அடித்தேன், உளி மழுங்கியது. மெக்கானிக் தானே ஏறி, உளியை வாங்கி வெவ்வேறு இடங்களில் அடித்துப் பார்த்தார். சட்டை நனைந்ததுதான் மிச்சம். சத்தியமாகச் சொல்கிறேன், அன்று என் கோட்டிங்கை நினைத்து எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. நான் துடைத்த இடமெல்லாம் பிடித்திருந்தது. பயந்த இடம் மட்டும்தான் பிய்ந்தது.

ஓரங்களைத் தேய்த்து, துடைத்து, மறுபடி அடிப்பதற்கு முன் நானே அந்த அம்மாவைக் கூப்பிட்டேன். அவர் ஐந்து பொட்டும் வைத்தார், கும்பிட்டார், பிறகு என் தின்னர்த் துணியை வாங்கித் தானே துடைத்தார். துடைத்த இடத்தை நான் இன்னொரு முறை துடைத்தேன். அவருக்கு அது வருத்தமாகத் தெரியவில்லை. இப்போது எந்த வண்டிக்கும் அதுதான் முறை. வைப்பதும் துடைப்பதும் வீட்டார், அடிப்பது நான்.

பத்து நாள் கழித்து ஆனையூர்க் கொட்டகை வாசலில் காலையிலேயே மூன்று வண்டிகள் நின்றன. பிய்ந்துபோன கதையை மெக்கானிக் இவர்களிடம் சொல்லவில்லையோ என்று சந்தேகம். முதல் வண்டிக்காரரிடம் கேட்டேவிட்டேன்.

"அதச் சொல்லித்தான் அனுப்புனாரு," என்றார் அவர். "பிடிக்காத எடத்தப் பிடிக்கலன்னு அந்த டீச்சரம்மாவே சொல்லிரும், போங்கடான்னாரு."