வெயிலுக்குக் காத்திருந்த கார்

அப்பா இறந்த பிறகு, நீலகிரியில் கோத்தகிரிக்குப் பக்கத்து அரவேணுவில் இருந்த நாட்களில், காலை வேளைகளில் நான் ஒரு காருக்குள் ஓட்டுநரின் கதவு வழியாக ஏறினேன். சந்திரன் முதலில் இறங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நான் உள்ளே குனிந்து, ஸ்டியரிங்கில் இடித்துக்கொள்ளாமல், கியர் கம்பியைத் தாண்டி, இடது பக்க இருக்கைக்குப் போய்ச் சேர வேண்டும். அதன் பிறகுதான் அவர் ஏறி உட்காருவார். பின் இருக்கையில் மூன்று பெண்கள் சாப்பாட்டுப் பைகளை மடியில் வைத்துக்கொண்டு பொறுமையாக இருப்பார்கள். முதல் நாள் "சாரி, சாரி" என்று சொல்லிக்கொண்டே தாண்டினேன். பிறகு அந்தச் சொல்லும் வரவில்லை. கடைவீதியில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்களும் திரும்பிப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். நாற்பத்தாறு வயதுப் பெண் ஒருத்தி காருக்குள் தவழ்ந்து போவது ஊருக்குச் சீக்கிரமே பழகிவிட்டது. எனக்கும்தான்.

இடது பக்கக் கதவு திறக்காது. அதைக் காட்டுமாடு இடித்திருந்தது. அப்பாவை எடுத்துக்கொண்டு போன அன்று, தெருமுனை வரை நாங்கள் பெண்களும் கூடப் போனோம். முன்னால் யாரோ வெடி வைத்தார்கள். சரிவில் தேயிலைக்குள் நின்றிருந்த ஒற்றைக் காட்டுமாடு மிரண்டு ரோட்டுக்கு ஏறி, ஓரமாக நிறுத்தியிருந்த சந்திரனின் காரில் மோதியது. பிறகு கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, எதிர்ச்சரிவில் இறங்கிப் போய்விட்டது. பாடையைச் சுமந்தவர்கள் உட்பட அத்தனை பேரும் அதைத்தான் பார்த்தார்கள். யாரோ ஒருவர் சிரித்தும்விட்டார். எனக்குக் கோபம் வரவில்லை. நான் கதவைப் பார்த்தேன். நடுவில் குழிந்து, கீழ் விளிம்பு சட்டத்துக்குள் மடிந்துபோயிருந்தது. கைப்பிடிக்குப் பக்கத்தில் சேறும், ஒரு கொத்துப் பழுப்பு முடியும். அப்பாவின் கடைசி ஊர்வலம் என்றால் இன்றும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த முடிதான்.

சந்திரன் எங்கள் பக்கத்து வீட்டில் இருப்பவர். குன்னூரில் ஒரு அலுவலகத்தில் குமாஸ்தா. தினமும் போகிற வண்டிதானே என்று ஊரிலிருந்து வேலைக்குப் போகும் மூன்று பெண்களையும் ஏற்றிக்கொண்டு போவார். ஜெயா டீச்சர் ஒருவர். மற்ற இருவரும் ஒரே மருந்துக் கடையில் வேலை செய்பவர்கள். டீச்சருக்கு முழங்கால் வலி உண்டு. அதனால் முன் இருக்கை எப்போதும் அவருடையது. கதவு நசுங்கிய பிறகு அவரால் கியரைத் தாண்ட முடியவில்லை. பின்னால் போய்விட்டார். இறப்புச் சான்றிதழுக்கும் வங்கிக்கும் அலைந்துகொண்டிருந்த எனக்கு அந்த இடம் வந்தது.

இங்கிலாந்தில் நான் இருப்பதும் இப்படி ஒரு கிராமம்தான். எல்லோரும் காலையில் வெளியே போய்ச் சாயங்காலம் திரும்புகிற ஊர். ஆனால் அங்கே ஆளுக்கொரு கார், காருக்கொரு ஆள். ரயில் நிலையம் வரை தனித்தனியாக ஓட்டிக்கொண்டு போய், வரிசையாக நிறுத்திவிட்டு, பிளாட்பாரத்தில் தள்ளித் தள்ளி நிற்போம். நகரத்து மருத்துவமனை ஒன்றின் ஆய்வகத்தில் எனக்கு வேலை. போன வருடம் அந்தக் கார் நிறுத்தத்தில் யாரோ என் காரை இடித்துவிட்டுப் போய்விட்டார்கள். வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது, நாயோடு வந்த அண்டை வீட்டு அம்மையார் "ஓ, புவர் திங்" என்றார். பாவம் என்று என்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, "ஐ ஆம் ஓகே, தாங்க் யூ" என்றேன். அவர் குழப்பத்தோடு புன்னகைத்தார். அவர் இரங்கியது காருக்கு. பிறகு போனில் படம் எடுத்து இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்பினேன். ஒரு லாரி வந்து காரை ஏற்றிக்கொண்டு போனது. சில நாள் கழித்து அது கழுவித் துடைத்து, அடிபட்ட சுவடே இல்லாமல் வாசலில் நின்றது. யார் சரி செய்தார்கள், எங்கே வைத்துச் செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளத் தோன்றவும் இல்லை.

அந்தப் பழக்கத்தில்தான் நான் சந்திரனிடம், "கதவைச் சரி பண்ணிக் குடுத்துட்டுத்தான் ஊருக்குப் போவேன்" என்றேன்.

"ஏனுங்க்கா, இப்ப என்ன அவசரம்? மழை விடட்டுங்க, அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார்.

நான் கேட்கவில்லை. எனக்கு அப்போது செய்வதற்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. வீட்டில் அப்பாவின் கட்டில் காலியாகக் கிடந்தது. வருகிறவர்கள் என் முகத்தைப் பார்த்து, அழாமல் இருக்கிறாளே என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அழுகை வராததற்கு நான் என்ன செய்ய? பல் பிடுங்கும்போது ஊசி போட்ட தாடை மாதிரி இருந்தேன். கை வைத்தால் இருக்கிறது என்று தெரியும், அவ்வளவுதான்.

அப்பா இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். இளவயதில் குடும்பத்தோடு இந்தப் பக்கம் அனுப்பப்பட்டு, கீழ் கோத்தகிரியில் தோட்ட வேலையில் சேர்ந்தார். வேலை ஓய்ந்த பிறகு அரவேணுவில் இரண்டு அறை வீடு கட்டினார். ஊரில் கடைசி வரை அவர் சிலோன்காரர்தான். நான் வந்து இறங்கியபோது அவர் குன்னூர் ஆஸ்பத்திரியில் இருந்தார். சந்திரன்தான் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார். பெட்டியை வைத்துவிட்டுக் கட்டிலருகே உட்கார்ந்தேன். அப்பா கண்ணைத் திறந்து என்னை வெகுநேரம் பார்த்தார். பிறகு, வெளியாளிடம் பேசும் மரியாதையோடு கேட்டார்.

"நீங்க எந்தத் தோட்டத்துப் பிள்ளை?"

நான் அரவேணு என்று சொல்லியிருக்கலாம். உங்க மக என்று சொல்லியிருக்கலாம். என் வாயில் வந்தது, நான் வசிக்கும் அந்த ஆங்கிலக் கிராமத்தின் பெயர்.

"அது எங்கிட்டு இருக்கு?"

"தூரம்ப்பா."

"பஸ் இருக்கா?"

"இருக்கு."

திருப்தியோடு தலையை ஆட்டினார். அப்புறம் "சந்திரன் வந்துட்டானா?" என்று கேட்டார். அதன் பிறகு உயிரோடு இருந்த இரண்டு நாளும் அவர் வேறு யாரையும் கேட்கவில்லை. "மருந்து மயக்கம்ங்க்கா, மனசுல வெச்சுக்காதீங்க" என்று சந்திரன் சொன்னார். வைத்துக்கொள்ள எனக்கு அப்போது மனசு என்று ஒன்று இருந்ததா என்றே தெரியவில்லை.

டிங்கரிங் பட்டறை கோத்தகிரி ரோட்டில் இருந்தது. நடத்துகிறவர் ஷாஜி, கூடலூர்ப் பக்கத்து ஆள். பேச்சில் மலையாளம் கலந்திருக்கும். கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஆனையா?" என்றார்.

"காட்டுமாடுங்க."

"அப்போ குழப்பமில்லை."

எனக்குக் குழப்பம் இல்லையே என்று விசாரிக்கிறார் போலிருக்கிறது என்று எண்ணி, "இல்லைங்க, தெளிவாத்தான் இருக்கேன்" என்றேன். ஷாஜி என்னைப் பார்த்தார், சந்திரனைப் பார்த்தார். பிரச்சினை இல்லை என்பதைத்தான் அவர் ஊரில் அப்படிச் சொல்வார்கள் என்று சந்திரன் விளக்கினார். மூன்று பேரும் சிரித்திருக்க வேண்டிய இடம் அது. என் முகத்தைப் பார்த்து அவர்களும் சிரிக்காமல் விட்டுவிட்டார்கள்.

"வண்டி ஆருடேது சேச்சி?"

"பக்கத்து வீட்டுக்காரருது" என்றேன்.

சந்திரன் ரோட்டுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

ஷாஜி கதவின் உள் அட்டையைக் கழற்றி, தகட்டை உள்ளிருந்து தட்டித் தட்டி ஓரளவு நேராக்கிவிட்டார். பட்டி பூசித் தேய்த்தார். அதோடு வேலை நின்றுவிட்டது. மழையும் மூடுபனியும் மாறி மாறி இறங்கின. "ஈ மஞ்சுல பெயிண்ட் பிடிக்காது சேச்சி. வெயில் வேணும்" என்றார். எப்போது வரும் என்று கேட்டதற்கு, "அது என்கிட்ட கேட்டா?" என்று கையை விரித்தார். அவசரப்பட்டு நான் கொண்டுபோய் விட்ட கார், பாதி வெள்ளையும் பாதி சாம்பலுமாகப் பட்டறைக்குள் நின்றது. அதில் போய்க்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் மழையில் பஸ்ஸுக்கு நின்றார்கள்.

நானும் அவர்களோடு நின்றேன். பஸ்ஸில் இடம் கிடைக்காது. ஜெயா டீச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் காலை மாற்றி மாற்றி வைப்பார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் பார்ப்பதைக் கண்டால், "குளிருக்குக் கால் அப்பிடித்தான் கண்ணு" என்பார்.

அப்படி ஒரு காலை, கூட்டத்தில் நெருங்கி நின்றபோது சந்திரன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அய்யா யாருகிட்டயும் என்னைப் பக்கத்து ஊட்டுக்காரன்னு சொன்னதில்லீங்க. எங்க ஊட்டுப் பையன்னுதான் சொல்லுவாரு."

எனக்கு உடனே வந்தது, "சாரி."

"அதுக்கெதுக்குங்க சாரி? சும்மா சொன்னேன்."

வெளிநாட்டில் இருக்கும் உங்களில் பலருக்கு இந்தச் சிக்கல் தெரிந்திருக்கும். அங்கே கதவில் எதிரே வந்தாலும் சாரி, தும்மினாலும் சாரி. அந்தச் சொல்லால் எதையும் சட்டென்று மூடிவிடலாம். இங்கே அதைச் சொன்னதும் சந்திரனின் முகம் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயிற்று. வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று குன்னூர் வரும் வரை தேடினேன். அப்பாவுக்கு நீங்கதான் பிள்ளையா இருந்தீங்க என்று ஒரு வாக்கியம் உள்ளே இருந்தது. பஸ் கூட்டத்தில் அதை எப்படிச் சொல்வது? சொல்லாமலே இறங்கினேன்.

வெயில் ஒரு சனிக்கிழமை வந்தது. ஊரே வெளியே வந்து துணி உலர்த்தியது. நான் பட்டறைக்குப் போனபோது ஷாஜி காரை வெளியே தள்ளி, கதவை வெயிலுக்குத் திருப்பி வைத்து, முதல் பூச்சு அடித்துக்கொண்டிருந்தார். அங்கே கிடந்த பழைய டயர் ஒன்றில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முதுகில் வெயில் விழுந்தது. அப்படியே தூங்கிப்போனேன். கண் விழித்தபோது தலைக்கு மேல் ஒரு குடை இருந்தது. காய்கறி வாங்க வந்த ஜெயா டீச்சர், பையைக் காலடியில் வைத்துவிட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"எத்தனை நேரமா நிக்கறீங்க டீச்சர்?"

"இப்பத்தான் கண்ணு" என்றார். நின்ற காலை அவர் தேய்த்துவிட்டுக்கொண்டதைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. அழப்போகிறேன் என்று நினைத்தேன். வரவில்லை. ஆனால் ஊர் வந்த பிறகு நான் தூங்கிய முதல் தூக்கம் அது.

கதவு நன்றாகவே வந்திருந்தது. மற்றப் பாகங்களைவிட வெள்ளை மட்டும் கொஞ்சம் கூடுதல். "அது பாட்டுக்கு மங்கிருமுங்க" என்றார் சந்திரன். திங்கட்கிழமை காலை கதவு சரியாகத் திறந்தது. டீச்சருக்கு வழிவிட்டு நான் விலகி நின்றேன். அவரோ பின்கதவைத் திறந்து ஏறிவிட்டார். "இருக்கட்டும் கண்ணு. நீ முன்னாடியே உக்காரு, அது உன்ற எடந்தான்" என்றார். மருந்துக் கடைப் பெண்களில் ஒருத்தி சாப்பாட்டுப் பையிலிருந்து வேர்க்கடலை எடுத்து என் கையில் வைத்தாள். அந்த வாரம் முழுக்க அப்படிப் போனோம். வங்கி வேலை வாரத்தின் நடுவிலேயே முடிந்துவிட்டது. இருந்தும் தினமும் ஏறினேன். குன்னூரில் இறங்கி மார்க்கெட்டைச் சுற்றிவிட்டு, சாயங்காலம் அவர்களோடு திரும்பினேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் திரும்பும்போது சந்திரன் சொன்னார்: "அக்கா, குன்னூர் பஞ்சாயத்து யூனியன் ஆபீஸ்ல புதுசா சேர்ந்த பொண்ணு ஒண்ணு நம்ம வண்டில வர்றேன்னு கேட்டுச்சுங்க. எடம் இல்லீங்க, அக்கா இருக்காங்கன்னு சொல்லிட்டேன்."

நாளைக்கு விமானம். வரும்போதே எடுத்திருந்த டிக்கெட். எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்திருந்தேன். யோசித்துப் பார்த்தால், நான் யாரிடமும் சொல்லவே இல்லை.

"நாளைக்குக் கிளம்பறேங்க" என்றேன்.

ஒரு வளைவில் சந்திரன் தேவைக்கு அதிகமாக ஹாரன் அடித்தார். பிறகு கேட்டார், "அப்ப அந்தப் பொண்ணுக்குக் குடுத்துரட்டுங்களா?"

"குடுத்துருங்க."

பின்னாலிருந்து டீச்சர் என் தோளில் கை வைத்தார். ஊர் வரும் வரை எடுக்கவில்லை. இறங்கும்போது நான் சந்திரனிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்து, "அப்பா சொன்னது சரிதாங்க. இது உங்க ஊடு" என்றேன். எங்கள் ஊர்ப் பேச்சில் ஊடு என்று சொல்லிப் பல வருடம் ஆகியிருந்தது. அவர் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "ஜன்னலை அப்பப்பத் தொறந்து வெக்கிறேங்க" என்றார். எனக்கு அப்போதும் கண் கலங்கவில்லை.

திரும்பி வந்து வேலைக்குப் போகத் தொடங்கியிருக்கிறேன். போன வாரம் ஒரு காலை, பையை எடுத்துக்கொண்டு வீட்டைப் பூட்டிவிட்டு, காரில் ஏறி பெல்ட்டை மாட்டிக்கொண்டேன். வெளியே பனி பெய்திருந்தது. கண்ணாடி முழுக்க வெள்ளையாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான், என் முன்னால் ஸ்டியரிங் இல்லை என்று தெரிந்தது. நான் இடது பக்கம் ஏறி உட்கார்ந்திருந்தேன். இரண்டு நாட்டிலும் ஓட்டுநர் வலது பக்கம்தான், பக்கம் மாறிவிட்டது என்று சாக்குச் சொல்ல முடியாது. இறங்கிச் சுற்றிப் போக வேண்டும், இல்லாவிட்டால் கியரைத் தாண்டி அந்தப் பக்கம் போக வேண்டும். நான் இரண்டும் செய்யவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு, யாரோ வந்து வண்டியை எடுக்கப்போவதுபோல உட்கார்ந்திருந்தேன். தூரத்தில் என் ரயில் வந்து, நின்று, கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.